கடலூர், புதுச்சேரியில் கல்யாணத்துக்கு போட்டோகிராஃபர் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் பிழைப்பு. கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த படங்கள் ஹார்டு டிஸ்க்கில் என் மேசைக்கு வரும். கல்யாண வீட்டார் பார்ப்பது பொறுக்கியெடுத்த படங்களை. நான் பார்ப்பது மொத்தத்தையும்: கண் மூடியது, தலை வெட்டுப்பட்டது, தாலி கட்டும் கையை மறைத்து நிற்கும் வீடியோக்காரர் முதுகு எல்லாமே வரும். இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நீங்கள் பணம் கொடுப்பது ஸ்டுடியோவின் பெயருக்கு. படம் எடுப்பது அன்றைக்கு மணவறை முன்னால் நிற்கும் ஆள். அந்த ஆள் யார், அவர் கைவேலை எப்படி என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

படி 1: மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த வாரமே தேடத் தொடங்குங்கள்

ஆடி, புரட்டாசி, மார்கழியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. மீதி மாதங்களிலும் காலண்டரில் வளர்பிறை முகூர்த்தம் என்று போட்டிருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அந்த நாட்களிலேயே வந்து விழுகிறார்கள். ஆவணியிலோ தையிலோ ஒரு நல்ல முகூர்த்தம் என்றால் பேர்போன ஸ்டுடியோவுக்கு ஒரே நாளில் மூன்று, நாலு ஆர்டர் இருக்கும். முதலாளி ஒருத்தர்தானே? அவர் ஒரு மண்டபத்துக்குப் போவார். மற்றவற்றுக்கு விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ அன்றைக்கு மட்டும் கூலிக்கு வருகிற ஆள் போவார். அவர் மோசமானவர் என்று சொல்ல வரவில்லை. சில சமயம் முதலாளியைவிட நன்றாகவே எடுப்பார். ஆனால் நீங்கள் பார்த்து மயங்கியது அவர் எடுத்த படத்தை அல்ல. முந்திக்கொண்டு கேட்பவருக்குத்தான் முதலாளி கிடைப்பார்.

படி 2: வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்

பந்தக்கால், நலங்கு, பெண் அழைப்பு, ரிசப்ஷன், முகூர்த்தம், மறுவீடு. இதில் எதற்கெல்லாம் கேமரா வேண்டும், எது எங்கே, எத்தனை மணிக்கு? நலங்குக்கு ஒரு தம்பி செல்போனில் எடுத்தால் போதும் என்பது உங்கள் முடிவானால் நல்லதே. அதை இப்போதே முடிவு செய்யுங்கள். கடைசி வாரத்தில் சேர்க்கப்படும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் விலை தனி.

பெண் வீட்டார் ஒரு குழு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு குழு என்று இரண்டு பேர் அழைத்துவரும் வழக்கம் இங்கே இன்னும் உண்டு. கௌரவம்தான் காரணம், வேறென்ன. மேடையில் நாலு பேர் நிற்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேர் நிற்பார்கள்; ஒருவர் ஃபிளாஷ் இன்னொருவர் வீடியோவில் வெட்டும்; சனம் பார்ப்பது கேமராக்காரர்களின் முதுகை. ஒரே குழுவை வைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்பேன். பேச்சு அதுவரை போகாது என்றால், ஒரு வீட்டார் ட்ரடிஷனல் (மேடையில் நிறுத்தி எடுப்பது), மறு வீட்டார் கேண்டிட் (நிறுத்தாமல் இயல்பாக எடுப்பது) என்று பிரித்து, இரண்டு போட்டோகிராஃபர்களையும் முன்னாடியே போனில் பேசவிடுங்கள்.

கேண்டிட் என்றால் ஒசத்தி, ட்ரடிஷனல் என்றால் பழசு என்கிற நினைப்பு இளசுகளிடம் இருக்கிறது. என்னிடம் பத்து வருஷம் கழித்துப் பிரிண்ட் போட வருகிறவர்கள் கேட்பதெல்லாம் மேடையில் வரிசையாக நின்று எடுத்த படத்தைத்தான். தாத்தா நிற்கிறார், பெரியம்மா நிற்கிறார், எல்லார் முகமும் தெரிகிறது. கேண்டிடுக்குக் காசு போதவில்லை என்பதற்காகக்கூட ட்ரடிஷனலைக் கைவிடாதீர்கள். நல்ல ட்ரடிஷனல் ஆளை முதலில் பிடித்துவிட்டு மிச்சத்தில் கேண்டிட் பாருங்கள். மண்டபக் கல்யாணத்துக்கு இரண்டு ஸ்டில்ஸ், இரண்டு வீடியோ என்று நாலு பேர் தாராளம். கிரேன் கேமரா, நுழைவாயிலில் புகை, சுழலும் மேடையெல்லாம் ரீல்ஸுக்கு ஆகும். ஆல்பத்தில் அவை இடம் பிடித்து நான் பார்த்ததில்லை.

படி 3: ஒரே ஒரு கல்யாணத்தை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். இன்ஸ்டாகிராமில் இருப்பது ஐம்பது கல்யாணத்திலிருந்து தலைக்கு ஒன்றாக எடுத்த படங்கள். யாருக்கும் கல்யாணத்துக்கு ஒரு நல்ல படம் அமைந்துவிடும். உங்களுக்குத் தேவை, ஒரே கல்யாணத்தின் முழு ஃபோல்டர், முந்தின நாள் சாயந்திரம் முதல் மறுநாள் பந்தி வரை. அதுவும் உங்கள் மண்டபத்தைப் போன்ற மண்டபத்தில், உங்கள் முகூர்த்த நேரத்தை ஒட்டியதாக இருக்கட்டும். "மத்தவங்க படத்த எப்படிங்க காட்டறது?" என்று தயங்கினால் அது நியாயமான தயக்கம். அந்த வீட்டாரிடம் கேட்டு அனுமதி வாங்கிக் காட்டட்டும், அல்லது அச்சான ஆல்பத்தைக் கடையில் வைத்துப் புரட்டக் கொடுக்கட்டும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பார்க்கும்போது எங்கே கண் வைப்பது?

முதலில் விடியற்காலை முகூர்த்தம். நாலரை ஆறு முகூர்த்தம் என்றால் வெளியே இருட்டு. தை மாதம் புதுச்சேரியில் சூரியன் எழவே ஆறரை ஆகிவிடும். மண்டபத்துக்குள் மஞ்சள் விளக்கு, மேடையில் வெள்ளை எல்இடி, நடுவில் ஹோமப் புகை. இந்த மூன்றையும் சமாளித்து ஐயர் முகம், மாப்பிள்ளை முகம், பட்டு வேட்டி எல்லாம் அதனதன் நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கடற்கரையில் எடுத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும், ஐந்து மணிப் படம் புள்ளிபுள்ளியாக இருந்தால் அவர் உங்களுக்கு ஆக மாட்டார்.

அடுத்தது தோல் நிறம். இது என் நெடுநாள் எரிச்சல், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். மாநிறப் பெண்ணை எடிட்டிங்கில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிடுகிறார்கள். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். பக்கத்தில் நிற்கும் அம்மா மட்டும் அவர் நிறத்தில். முகத்தோடு கூறைப்புடவையின் அரக்கும் வெளுத்துப்போய் ரோஜா நிறமாகிவிடும், பூசிய மஞ்சள் இருந்த இடமே தெரியாது. ஒரு ஸ்டுடியோ காட்டும் பத்துப் பெண்களும் ஒரே நிறத்தில் இருந்தால் உஷாராகிவிடுங்கள். "எங்க பொண்ணு எப்படி இருக்காளோ அப்படியே வேணும்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொன்னால் செய்வார்கள். பல பேர் சொல்வதில்லை என்பதால்தான் இது நடக்கிறது.

மூன்றாவது ரிசப்ஷன் மேடை. ஊதா, நீல விளக்குகள் முகத்தில் விழுந்தால் எந்த எடிட்டிங்காலும் முழுசாக மீட்க முடியாது. பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும். ஷட்டர் வேகத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தவர் அதைத் தவிர்ப்பார். ஃபோல்டரில் கோடு விழுந்த படங்கள் தொடர்ச்சியாக இருந்தால் அவருக்கு அது தெரியவில்லை என்று பொருள்.

நாலாவது, தாலி கட்டும் அந்த அரை நிமிஷம். கெட்டிமேளம் ஒலித்ததிலிருந்து மூன்றாம் முடிச்சு வரை எத்தனை படம், எந்தெந்தக் கோணம்? கையும் முடிச்சும் ஒன்றில், மணமக்கள் முகம் ஒன்றில், பெண்ணைப் பெற்றவர்கள் முகம் ஒன்றில், அட்சதை போடும் கூட்டம் ஒன்றில் இருந்தால் குழு வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. நாலு பேரும் முடிச்சையே சுட்டிருந்தால் பிரித்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, கூட்டத்தில் இருப்பவர்கள். நாதஸ்வரக்காரர், சீர்வரிசைத் தட்டு தூக்கிவரும் அத்தைகள், பந்தியில் பரிமாறும் சித்தப்பா, மொய் எழுதும் பெரியவர் எல்லாரும் அந்த ஃபோல்டரில் இருக்கிறார்களா? மணமக்களைத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத போட்டோகிராஃபர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள்.

படி 4: நேரில் போய்க் கேட்க வேண்டியவை

போனில் பேக்கேஜ் விலையை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கடைக்குப் போய் உட்காருங்கள். முதல் கேள்வி: "அண்ணே, முகூர்த்தத்தன்னிக்கு நீங்களே வர்றீங்களா, ஆள் அனுப்புவீங்களா?" ஆள்தான் என்றால் அவர் பெயரையும், அவர் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தையும் கேளுங்கள். "எங்க டீம்தாங்க, கவலப்படாதீங்க" என்பது பதில் ஆகாது.

கேமரா என்ன கம்பெனி என்பதைவிட, அதில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி இருக்கிறதா என்பது முக்கியம். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிந்தால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். தாலி கட்டை மறுபடி நடத்த முடியாது. உபரி கேமரா உண்டா, அன்று ராத்திரியே படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுப்பாரா என்றும் கேளுங்கள். இரண்டு நாளில் நாலாயிரம் படம், மணிக்கு 45 ஜிபி வரை போகும் 4கே வீடியோ என்று டிஸ்க் கணக்கு பெரிசாகத்தான் இருக்கும். அதைச் சலிப்பில்லாமல் விளக்குபவர் பொறுப்பானவர்.

வீட்டுப் பெண்கள் சங்கடப்படாமல் இருக்க மணமகள் அறைக்கும் நலங்குக்கும் ஒரு பெண் போட்டோகிராஃபர் வர முடியுமா என்று கேளுங்கள். கடலூர் ஓ.டி. (பழைய நகரம்), பரங்கிப்பேட்டைப் பக்கத்து நிக்காஹ்களில் பெண்கள் பகுதி தனியாக இருப்பதால் அங்கே இது கட்டாயத் தேவை. இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். முகூர்த்த நாளில் அவர்களுக்குக் கிராக்கி அதிகம்.

படி 5: இடத்துக்கு ஏற்ற ஆள்

திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் கல்யாணம் வைப்பவர்கள் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். பெரிய முகூர்த்த நாளில் அங்கே நடக்கும் கல்யாணங்கள் நூற்றைத் தாண்டும். உங்கள் மாப்பிள்ளை தாலி கட்டும்போது பக்கத்திலேயே இன்னொரு மாப்பிள்ளை கட்டிக்கொண்டிருப்பார், யாருடைய மேளம் யாருக்கு என்றே தெரியாது. அங்கே ஸ்டாண்டு வைக்க இடம் கிடைக்காது. மெதுவாக லென்ஸ் மாற்ற நேரம் இருக்காது. ஏற்கெனவே அங்கே எடுத்த ஆள் ஒருவர் போதும், நாலு பேர் வேண்டாம். குடும்பப் படங்களைக் கூட்டத்துக்குள் எடுக்க முயலாமல், கீழே இறங்கியதும் எடுப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். கருவறைப் பக்கம் கேமரா நீளக் கூடாது என்பதையும் வீட்டாரே நினைவுபடுத்துங்கள்.

புதுச்சேரி தேவாலயங்களில் பங்குத்தந்தை சொல்வதுதான் சட்டம். ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகளும் உயரமான வளைவுகளும் படத்துக்கு அற்புதம், ஆனால் திருப்பலி நடக்கும்போது பீடத்தருகே ஏறுவதும் ஃபிளாஷ் அடிப்பதும் மனத்தாங்கலில்தான் முடியும். எங்கே நிற்கலாம் என்று முன்கூட்டியே போய்க் கேட்டுவரும் போட்டோகிராஃபருக்கு இன்னொரு மதிப்பெண் கொடுங்கள்.

சாதாரண மண்டபம் என்றால் மேடை விளக்குக்காரரிடம் ஒரு வார்த்தை: முகூர்த்த நேரத்தில் கலர் விளக்குகளை அணைத்துவிட வேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு வேலை, விலை கூடிய கேமராவைவிட அதிகம் உதவும்.

படி 6: ப்ரீ வெட்டிங் ஷூட் எடுப்பதாக இருந்தால்

நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் கடலில் எழும், ஊருக்குப் பின்னால் மறையும். சாயந்திரம் கடற்கரையில் பொன் வெளிச்சம் வேண்டும் என்று கேட்பவர்கள் அரபிக் கடலோரத்துப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். பாறைக் கடற்கரையானாலும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சானாலும் விடியற்காலைதான் நேரம். வைகாசி, ஆனியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். அதற்கு அரை மணி முன்னால் அலங்காரம் முடிந்து நிற்க வேண்டும். புதுச்சேரி பீச் ரோட்டில் சாயந்திரம் ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்குத் தடை என்பதால் ரோடு காலியாக இருக்கும், வாக்கிங் போகிறவர்கள் மட்டும் குறுக்கே வருவார்கள். காரை வேறு தெருவில் நிறுத்திவிட்டுப் புடவையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தயாராக இருங்கள்.

ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்கள் எல்லாம் யாரோ ஒருவர் வீடு. காலை நேரத்தில் ஒரே சுவருக்கு மூன்று ஜோடி வரிசையில் நிற்கும் கூத்தைப் பார்த்திருக்கிறேன். வாசலை மறித்து நின்று வீட்டுக்காரரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாமல், அனுமதி கேட்டு எடுக்கும் போட்டோகிராஃபரைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், கடலூர்க்காரர்கள் இதற்காகப் புதுச்சேரிக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனால் கிடைக்கும் நிழல் வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. தண்ணீர், மரம் தவிரப் பின்னணியில் எதுவும் இருக்காது.

ட்ரோன் பற்றி. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி ஒவ்வொரு ட்ரோனுக்கும் பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காக இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். விமான நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் ஒயிட் டவுன் உட்பட நகரத்தின் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். "ட்ரோன் ஷாட் ஃப்ரீ" என்று யாராவது சொன்னால் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். போலீஸ் பிடித்தால் கல்யாண வீட்டாரும் சேர்ந்துதான் நிற்க வேண்டியிருக்கும்.

படி 7: பணமும் எழுத்தும்

கொட்டேஷனில் மொத்தத் தொகைக்குக் கீழே என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆல்பம் எத்தனை ஷீட்? 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் விரித்த ஒரு ஷீட்டுக்கு நாலைந்து படத்துக்கு மேல் வைத்தால் நெரிசலாகிவிடும். 40 ஷீட் என்றால் ஏறத்தாழ 160 முதல் 200 படம். நீங்கள் 400 தேர்ந்தெடுத்தால் ஷீட் கூடும், காசும் கூடும். கூடுதல் ஷீட்டுக்கு என்ன விலை என்பது முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். பிறகு வருவதெல்லாம் சில்லறைச் சண்டைகள்: வெளியூர் வண்டி வாடகை யார் தலையில், குழுவுக்குத் தங்குமிடம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலையா, பெற்றோருக்கு இரண்டாவது சின்ன ஆல்பம் உண்டா, ஹார்டு டிஸ்க் யார் வாங்கித் தருவது.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். பதிவு செய்யும்போது ஒரு பங்கு, முகூர்த்தம் முடிந்ததும் ஒரு பங்கு, ஆல்பம் கைக்கு வரும்போது கடைசிப் பங்கு. கடைசிப் பங்கு பெயருக்கு இருக்கக் கூடாது. மொத்தத்தில் கால்வாசியாவது இருந்தால்தான் ஆல்பம் நகரும். இதை எழுதினால் ஸ்டுடியோ நண்பர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள். ஆனால் முகூர்த்தத்தன்று முழுப் பணமும் வாங்கிவிட்ட ஆர்டர்களின் டிஸ்க்தான் என் மேசையில் அதிக நாள் தூங்குகிறது.

மழையையும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணம் என்றால் வடகிழக்குப் பருவமழை நடுவில் வைக்கிறீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும், குழு வர முடியாமல் போனால் யாரை அனுப்புவார் என்று இரண்டு வரி போதும்.

படத்தின் உரிமை யாருக்கு என்பதும் பலருக்குத் தெரியாத சங்கதி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவர்தான். வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால்தான் மாறும். அதனால் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். உங்கள் படத்தை ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்குப் போடலாமா, எந்தப் படங்களை, குழந்தைகள் இருக்கும் படங்களை விட்டுவிடுமா என்பதை நீங்களே சொல்லி எழுதவையுங்கள்.

பில்லும் ஒப்பந்தமும் கையில் இருந்தால், வேலையில் குறை வந்தபின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள்.

படி 8: லைவ் ஒளிபரப்பு

புதுச்சேரியில் பாதி வீடுகளுக்குப் பிரான்ஸில் சொந்தம் இருக்கும். சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். தை மாதம் காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் பாரீஸில் நள்ளிரவு ஒன்றரை. கோடையில் வித்தியாசம் ஒரு மணி குறைவதால் அங்கே நேரம் இரண்டரை ஆகும். விழித்திருந்து பார்ப்பவர்கள் பார்ப்பார்கள், ஆனால் முந்தின நாள் ஏழு மணி ரிசப்ஷன் அவர்களுக்குத் தையில் மதியம் இரண்டரை. முகூர்த்தத்துக்கு மட்டும் லைவ் பேசுகிறவர்கள் ரிசப்ஷனையும் சேர்த்துப் பேசுங்கள். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூப் ஒளிபரப்பை நடுவில் நிறுத்திவிடக்கூடும். நாதஸ்வரம் இருக்கும்போது ஸ்பீக்கரை அணைப்பது எல்லாருக்கும் நல்லது.

படி 9: முகூர்த்தத்துக்கு முந்தின நாள்

வீட்டு உறவுகளைத் தெரிந்த ஒருவரைக் குழுவோடு ஒட்டவையுங்கள். தாய்மாமன் யார், நடக்க முடியாத பாட்டி எந்த நாற்காலியில் இருக்கிறார், பேசாமல் இருக்கும் இரண்டு சித்தப்பாக்களை எப்படி ஒரே படத்தில் நிறுத்தாமல் இருப்பது என்பதெல்லாம் போட்டோகிராஃபருக்குத் தெரியாது. தவறவே கூடாத பத்துக் குடும்பப் படங்களின் பட்டியலை அவர் கையில் கொடுங்கள். அப்புறம், குழுவுக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்தவர்கள் அவர்கள்.

படி 10: கல்யாணம் முடிந்தபின்

படங்கள் கைக்கு வந்த மாதத்துக்குள் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுங்கள். "ஆல்பம் இன்னும் வரல" என்று கோபப்படும் பலர் படங்களைத் தேர்ந்தெடுத்தே கொடுத்திருக்க மாட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் தேர்ந்தெடுத்தால் நாற்பது ஷீட்டும் அவர்களாகவே இருப்பார்கள். இரண்டு அம்மாக்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அச்சுக்குப் போகும் முன் டிசைனை ஒருமுறை பார்த்துப் பெயர், தேதி எழுத்துப் பிழைகளைத் திருத்துங்கள்.

டிஸ்க் வந்ததும் இன்னொரு நகல் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ஸ்டுடியோ தன்னிடம் இருப்பதை எப்போது அழிக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு நகலையும் திறந்து பார்க்க வேண்டும்: நலங்கு, ரிசப்ஷன், முகூர்த்தம் என்று எல்லா ஃபோல்டரும் இருக்கின்றனவா, படங்கள் திறக்கின்றனவா, வீடியோ கடைசி நிமிஷம் வரை சத்தத்தோடு ஓடுகிறதா என்று. கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.